கோப்புப் படத்தில் இருப்பவள்

கரூரில் நாளிதழில் ஒரு செய்தியோடு யார் படம் வருகிறதோ, அவர் அன்று காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை அந்தச் செய்தி நடந்த இடத்தில், பத்து தப்படிக்குள் நிற்க வேண்டும். செய்திக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. படம் வந்திருந்தால் போதும். மாலையில் காவலர் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் வீட்டுக்குப் போகலாம்.

பெரும்பாலோருக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ படம் வரும். சோற்றைக் கட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டு வருவார்கள். கோப்புப் படக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். பத்திரிகை அலுவலகத்தில் ஒரே ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வகைச் செய்தி வரும்போதெல்லாம் அதையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எப்போதோ குடையோடு சாலையைக் கடந்த பாவத்துக்கு, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் பதினோரு வருடமாக மாவட்டத்தில் எங்கே மழை பெய்தாலும் போய் நிற்கிறார். வெங்காயக் கூடையை வெறித்துப் பார்த்த ஓர் அம்மாள் விலை ஏறும்போதெல்லாம் உழவர் சந்தைக்கு வந்துவிடுவார். விலை இறங்கினால் அவருக்கு விடுமுறை.

தமயந்தி, இளைஞர்கள் சீரழிவதற்கான கோப்புப் படம்.

அவளுக்கு இருபத்துநாலு வயது. ஏற்றுமதிக்குப் போகும் திரைச்சீலைகளில் நூல் பிசகு பார்க்கும் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி மைதானத்தில் மெட்டல் இசைக் கச்சேரி நடந்தபோது, பாட்டு வேகத்தில் தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தவளை ‘ஊர்முகம்’ நாளிதழின் புகைப்படக்காரர் எடுத்துவிட்டார். கருப்புச் சட்டை, முகத்தை முழுக்க மூடிய கூந்தல், உயர்ந்த கையில் கொம்பு மாதிரி நீட்டிய இரண்டு விரல். முகம் தெரியாததால் எந்தச் செய்திக்கும் பொருந்தியது. சங்கிலிப் பறிப்பா, கஞ்சாவா, புறவழிச்சாலையில் பைக் பந்தயமா, எல்லாவற்றுக்கும் அவள்தான். கூந்தலை வைத்து ஆளை அடையாளம் காட்டியது அவளுடைய அம்மா. ஸ்டேஷனுக்கே வந்து பெருமையாகக் காட்டிவிட்டுப் போனார். மகளுக்கு அவ்வளவு முடி.

தமயந்தி இதுவரை குடித்ததில் காரமானது பன்னீர் சோடாதான். ஆனாலும் மாவட்டத்தில் உள்ள மதுக்கடை வாசல் எல்லாமே அவளுக்கு அத்துப்படி.

போய் நிற்பதைப் பற்றி அவள் குறை சொன்னதில்லை, ஒன்றைத் தவிர. நாகர்கோவிலில் ‘பாதாளக்கிணறு’ என்று ஒரு குழு இருந்தது. அதில் பாடுபவர் செல்லையா. மெட்டல் பாட்டில் சிலர் உறுமிப் பாடுவார்கள். கேட்டுப் பழகாதவர்களுக்கு மாடு மிரண்டது போல இருக்கும். செல்லையாவின் உறுமல் தொண்டையிலிருந்து வருவதில்லை, வயிற்றுக்கும் கீழே எங்கேயோ இருந்து வரும். தமயந்தியின் அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. மூன்று மாதம் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. டவுன் பஸ்ஸில் யாரோ கொடுத்த இயர்போனில் செல்லையாவின் குரலைக் கேட்டாள். வெங்கமேடு வருவதற்குள் அழுது முடித்தாள். அந்தக் குரலை ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. குழு திருச்சிக்கு வந்த அன்று அவள் குளித்தலை மதுக்கடை முன்னால் நின்றாள். கோயம்புத்தூருக்கு வந்த அன்று அரவக்குறிச்சியில், சங்கிலி அறுபட்ட சந்தில் நின்றாள்.

இப்போது குழு கரூருக்கே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி, ராஜேஸ்வரி மகால். செல்லையாவின் தொண்டையைப் பார்த்த மருத்துவர், இதற்கு மேல் பாடினால் பேச்சும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். இதுதான் கடைசிக் கச்சேரி.

ஊரில் மெட்டல் கேட்பவர்கள் நாற்பத்து மூன்று பேர். வெள்ளிக்கிழமை எல்லாரும் ஜெரோமின் பைக் பட்டறையில் கூடினார்கள்.

“ஞாயித்துக்கெழம எவனாச்சும் ஒரு சங்கிலிய அறுத்தான்னா, நீ எங்கியோ போய் நிக்கோணும். அதுக்குள்ள அந்தப் படத்த நிறுத்தோணும்” என்றான் ஜெரோம்.

மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு மனக்குறை இருந்தது. கருப்புச் சட்டைக்காரர்கள் ஆட்டு ரத்தம் குடிக்கிறார்கள் என்று ‘ஊர்முகம்’ எழுதிய பிறகு அன்வரின் பேக்கரியில் பன் வாங்க ஆளில்லை. சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்று எழுதிய வாரத்தில் ஜெரோமின் தங்கையைப் பெண் கேட்டு வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். ஆகவே போராட்டம் என்று முடிவானது. கோஷத்தை மற்றவர்களைப் போலக் கத்தக் கூடாது, தங்கள் முறைப்படியே போட வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் நிறைவேறியது.

பத்திரிகை அலுவலகம் அமராவதி ஆற்றங்கரையில் இருந்தது. சனிக்கிழமை காலை நாற்பத்து மூன்று பேரும் அதன் முன்னால் வரிசையாக நின்று, கோரிக்கைகளை உறுமினார்கள். யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. காவலுக்கு வந்த ஏட்டம்மா பழனியம்மாள், குறிப்பேட்டில் ‘கோரிக்கை: உறுமல்’ என்று எழுதிக்கொண்டார். எதிர் டீக்கடையில் பெஞ்சு மேல் வைத்திருந்த கண்ணாடி டம்ளர்கள் ஓரம் வரை நகர்ந்து வந்து, டீ மாஸ்டர் கையில் ஏந்திக்கொள்ளும்வரை காத்திருந்தன. உறுமல் மேலே போகாமல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஆசிரியர் சம்பத்குமார் படியிறங்கி வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர்.

“கோவிச்சுக்காதீங்க. என்ன சொல்றீங்கன்னே வெளங்கலீங்க. எழுதிக் குடுத்துடுங்களேன்.”

எழுதிக் கொடுத்தார்கள். தாங்கள் ரத்தம் குடிப்பதில்லை என்றும், இரண்டு ஷிப்ட் வேலைக்கு நடுவில் சாத்தானைக் கும்பிட நேரம் கிடைப்பதில்லை என்றும், இனி எழுதும் முன் தங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். கூச்சத்தில் அவர் காது சிவந்துவிட்டது.

“இந்தப் பொண்ணு படம் இனி எந்தக் குத்தச் செய்தியோடவும் வராதுங்க. இது நான் குடுக்கற வாக்கு.”

“அப்ப எந்தப் படத்தப் போடுவீங்க?” என்று அன்வர் கேட்டான்.

“ஆளில்லாத ரோடு ஒண்ணு வெச்சிருக்கறேன். அதப் போட்டுக்கறேன்.”

வாக்கைக் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தமயந்தி கடைக்குப் போய் நாளிதழை வாங்கி, அங்கேயே நின்று பிரித்தாள். புகளூர்ச் சங்கிலிப் பறிப்போடு ஆளில்லாத ரோடு இருந்தது. கஞ்சாச் செய்தியோடும் அதே ரோடு. மனசு லேசாகிவிட்டது. மதியத்துக்கென்று கருப்புச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். ஐந்தாம் பக்கத்தைச் சும்மாதான் திருப்பினாள்.

‘அமராவதி மணலுக்கு அடியில் உறுமல். பொதுமக்கள் வியப்பு.’ பக்கத்தில் அவள் படம்.

படத்தைப் போட்ட உதவி ஆசிரியரையும் குற்றம் சொல்ல முடியாது. குற்றச் செய்தியில் போடாதே என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். இது குற்றம் இல்லை. உறுமலுக்குப் பொருத்தமாக அந்த அலுவலகத்தில் வேறு படமும் இல்லை.

“தப்பு நம்முளுதுதான் தமயந்தி. நேத்து நாம உறுமுனமல்ல, அதுக்குத்தான் அது பதில் சொல்லுது” என்று ஜெரோம் போனில் சொன்னான்.

இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டே ஆற்றுக்குப் போனாள். பங்குனி மாதம். பொட்டுத் தண்ணீர் கிடையாது, கண்ணுக்கு எட்டிய வரை மணலும் சீமைக் கருவேலமும்தான். நடு ஆற்றில் இருநூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே எல்லாரும் செருப்பைக் கரையில் விட்டிருந்தார்கள். பழனியம்மாள் சீட்டுப் புத்தகத்தோடு முன்பே வந்திருந்தார். மூன்று வருடமாகத் தமயந்திக்குக் கையெழுத்துப் போடுபவர் அவர்தான்.

“வா கண்ணு. இன்னிக்கு நல்ல எடமாத்தான் கூப்ட்டிருக்குது” என்றார்.

அந்த ஒலி முதலில் காதில் விழவில்லை. பல்லில் தெரிந்தது. பிறகு முழங்காலில். பிறகு, அப்பா போன பின் மூன்று மாதம் அடைத்துக் கிடந்த இடம் எதுவோ, அங்கே. தமயந்தி மண்டியிட்டு மணலில் உள்ளங்கையை வைத்தாள். செல்லையாவின் குரல் இறங்கி இறங்கி எங்கே போய் நின்றுவிடுமோ, அங்கேதான் இது தொடங்கியது. அதற்குக் கீழே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. உலகம் இவ்வளவு ஆழமா என்று இருந்தது. பக்கத்தில் ஒருவர் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார். மூடியில் மிஞ்சிய தண்ணீர் வட்ட வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆனாலும் இரண்டரை மணி ஆனதும் அவள் கண் தெற்குப் பக்கமே போயிற்று. ராஜேஸ்வரி மகாலின் கூரை அங்கிருந்தே தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கேட்க முடியாமல் போவதற்கு, குளித்தலையில் நின்ற நாளே தேவலை என்று நினைத்தாள்.

மூன்று மணிக்கு மகாலிலிருந்து டிரம்ஸ் கேட்டது. மணலுக்கு அடியில் உறுமல் நின்றது.

கரையில் ஒரு நாய் உட்கார்ந்தது. செல்லையாவின் முதல் சொல் காற்றில் அரைகுறையாக மிதந்து வந்தது. மணல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு உறுமல் மறுபடி தொடங்கி, திரும்பி, கரையைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

பழனியம்மாள் தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“செய்தி கெளம்பிருச்சு கண்ணு. பத்து தப்படி தாண்டிறாம எட்டி நட.”

உறுமல் படித்துறையில் ஏறி, சாலைக்கு அடியில் போனது. தமயந்தி பின்னாலேயே போனாள், அவளுக்குப் பின்னால் ஏட்டம்மா, அவருக்குப் பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட இருநூறு பேர். ஈரோடு பஸ் நின்று வழிவிட்டது. பாத்திரக் கடையில் குடங்கள் ஒவ்வொன்றாக ரீங்காரம் இட்டு, அது தாண்டிப் போனதும் அடங்கின. பஸ் நிலைய ரவுண்டானாவில் உறுமல் சரியாக இடப்பக்கமாகச் சுற்றியது. தமயந்திக்கு நடக்கிறோமா தூக்கிக்கொண்டு போகிறார்களா என்றே தெரியவில்லை.

மகால் வாசலில் ஜெரோம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

“கூட யாரு?”

“அமராவதி.”

“டிக்கெட்டு?”

“செய்திக்கு ஏதுப்பா டிக்கெட்டு?” என்றார் பழனியம்மாள்.

ஜெரோம் யோசித்தான். உள்ளே போகிறவர்களின் மணிக்கட்டில் வைக்கும் முத்திரையை எடுத்து வாசற்படியில் ஒன்று வைத்தான். தமயந்தியின் கையில் இன்னொன்று.

உள்ளே செல்லையா பாடிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் மப்ளர். தமயந்தி அவரைப் பார்த்தபடி ஒரு பாட்டு முழுக்க நின்றாள், முதல் தடவையாக. தலையைச் சுழற்றக்கூடத் தோன்றவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் குரல் உடைந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. குழுவினர் வாசிப்பதை நிறுத்தப் போனார்கள்.

விட்ட இடத்திலிருந்து அமராவதி பாடியது.

தரைக்கல் பாடியது. தூண்கள் பாடின. கல்யாணத்துக்குப் போடும் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றன. எல்லாச் சொல்லும் சரியாக இருந்தது, மெட்டு ஓரிடத்திலும் பிசகவில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் கை தட்டவில்லை. தட்டுவதற்குக் கை இருக்கிறது என்பதே அவர்களுக்கு மறந்திருந்தது. அன்வர் வாய்விட்டு அழுதான். தமயந்தி அழவில்லை. தன்னைவிட இவ்வளவு பெரிய ஒன்று தன் பாட்டைத் தெரிந்து வைத்திருக்கிறது என்ற நினைப்பிலேயே நிறைந்துபோய் நின்றாள்.

செல்லையா மேடையிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“யாரு பாடுகது?” என்று காற்றுக் குரலில் கேட்டார்.

“அமராவதிங்க.”

“பத்தொம்பது வருசமா நான் இதத்தாம்மா பாட நெனச்சேன்” என்றார் அவர். மப்ளரைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கேட்க ஆரம்பித்தார்.

ஆறு மணிக்குப் பழனியம்மாள் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“நேரமாச்சு கண்ணு. நீ போலாம்.”

“இல்லீங்கக்கா, நான் இருக்கறேன்” என்றாள் தமயந்தி.

ஏட்டம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த பாட்டு தொடங்கியது. அப்போது வாசலில் நொய்யல் ஆறு வந்து நின்றது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் வழியாக வந்ததால் நல்ல கருப்பில் இருந்தது. உட்கார இடம் கிடையாது, நின்றுதான் கேட்க வேண்டும் என்றான் ஜெரோம். அதனால் என்ன என்று நொய்யல் சொன்னது. காவிரி வந்துகொண்டிருக்கிறது, அதற்கும் சேர்த்து இரண்டாகக் கொடுங்கள் என்றது. ஜெரோம் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வழியிலிருந்து சற்று விலகி நின்றான்.