பலிகடாவுக்கு ஆறு கால்

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் கத்தரி. எந்த ஆய்வுத் திட்டத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வரும். எதையாவது ஒன்றை அடிக்காமல் உள்ளே போகாது. நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம். அடித்தால்தான் அவருக்குப் படித்த மாதிரி இருக்கும்.

இதற்கு அந்த ஆய்வகத்தில் ஒரு மருந்து உண்டு. முதுநிலை ஆய்வு தொடங்கப் புதிதாக வந்த பெண்ணின் காதில் அதை ஓதியவர், முனைவர் பட்டத்துக்காக அங்கேயே வருடக்கணக்கில் குடியிருக்கும் அண்ணன்.

"உன் திட்டத்தோட கிறுக்குத்தனமா இன்னொண்ணும் சேத்து எழுதிடும்மா. அதுக்குப் பேரு பலிகடா. சார் அதை வெட்டிட்டு, மிச்சத்துல கையெழுத்துப் போட்டுருவாரு."

அவளுக்குத் தேனீ என்றால் உயிர். ஒரு தேனீ வந்துபோன பூவை அடுத்த தேனீ எப்படிக் கண்டுகொண்டு ஒதுங்குகிறது என்று பார்க்கத்தான் இந்தப் படிப்புக்கே வந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். பலிகடாவின் இடத்தில், உலகத்திலேயே தனக்குப் பிடிக்காத ஜந்துவை நிறுத்தினாள்: தினமும் தீனி போடுகிற ஆளின் கை வாசனையைக் கரப்பான்பூச்சி அடையாளம் தெரிந்துகொள்ளுமா? வீட்டில் ஒரு கரப்பான் மீசையை ஆட்டினால் கட்டில்மேல் ஏறி நின்று அக்காவைக் கூப்பிடுகிறவள் அவள். எழுதும்போதே சிரிப்பு வந்தது.

கத்தரி படித்தார். பேனா வந்தது. தேனீயின் தலையிலிருந்து கால்வரை ஒரே கோடு.

"தேனீயை ஊரே பண்ணுதும்மா. இந்தக் கரப்பான் இருக்கு பாரு, இதுதான் சரக்கு! நாளைக்கே ஆரம்பி."

"சார், அது வந்து... சும்மா..."

"அடக்கமெல்லாம் வேண்டாம்."

வெளியே வந்ததும் அழுதேவிட்டாள். அண்ணன் தலையைச் சொறிந்தார். "பலிகடாவை இவ்வளவு அழகா வளத்தா அவருக்கு வெட்ட மனசு வருமா?" என்று பழியையும் அவள் தலையிலேயே போட்டார்.

வேறு வழி? கண்ணாடித் தொட்டி வந்தது, கரப்பான்கள் வந்தன. துணிக் கையுறை மாட்டிய கையை முதல் வாரம் தீனியோடு உள்ளே விட்டபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் ஒரு கண்ணை மட்டும். அதற்குப் பிறகு, இவள் கை நுழைந்ததும் அவை மூலையிலிருந்து கிளம்பி வருகிற அழகைப் பார்க்க இரண்டு கண்ணும் தேவைப்பட்டன. ஆனாலும் தேனீயை நினைத்தால் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

முன்னோட்டச் சோதனையைப் பார்க்கக் கத்தரி நேரிலேயே வந்தார். தொட்டிக்குள் இரண்டு கையுறைகள்: ஒன்று அவளுடையது, இன்னொன்று காலையிலிருந்து அவர் மாட்டியிருந்தது. கரப்பான்களை அடைத்து அதே தொட்டிக்குள் வைத்திருந்த சின்ன டப்பாவின் மூடியை அவள் திறந்தாள்.

கரப்பான்கள் கூட்டமாக அவள் கையுறைக்கு ஓடின. ஒன்று மட்டும் விளிம்பேறி, தரையில் குதித்து, பேராசிரியரின் செருப்பை நோக்கி நடந்தது.

"ஐயோ!"

அடுத்த கணம் கத்தரி மேஜைமேல் நின்றார்.

"எடும்மா அதை! எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆகாது!"

"அப்புறம் ஏன் சார் என்னைப் போய்..."

"நான் கிட்டப் போகாததை யாராவது பாத்துச் சொன்னா நல்லாருக்குமேன்னுதான்... சரி, வேணாம்மா. நீ தேனீயே பண்ணிக்கோ. இப்பவே கையெழுத்துப் போடறேன்!"

தேனீ! ஏங்கியது கைக்கு வந்துவிட்டது. அவள் தொட்டியைப் பார்த்தாள். தன் கையுறைமேல் மீசைகள் அசைந்துகொண்டிருந்தன. விட்டுப் போக மனசு வரவில்லை. அதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

"அதைத்தான் நீங்க அடிச்சிட்டீங்களே சார். கரப்பானே இருக்கட்டும். ஆனா ஒப்பிட்டுப் பாக்க, அதுங்களுக்குத் தீனி போடாத ஒரு ஆள் வேணும். வாராவாரம் வந்து தொட்டிக்குள்ள கையை விடணும். உங்க பேரையே எழுதிக்கட்டுமா?"

அவர் அவசர அவசரமாகச் சட்டைப் பையைத் தடவினார். மேஜையேறும்போதே சிவப்புப் பேனா கீழே விழுந்திருந்தது. கரப்பான் அதன்மேல் ஏறி நின்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.