சின்னக்கருப்பு கும்பிட்ட கை

தொண்ணூற்றாறில் மக்கள் முரசுக் கட்சி தோற்ற அன்று சாயங்காலம், செக்காலை வட்டச் செயலாளர் சின்னக்கருப்பு கும்பிட்ட கை பிரியவில்லை. தோற்றாலும் நன்றி சொல்வதுதான் பண்பு என்று தெருவைப் பார்த்துக் கும்பிட்டார், அவ்வளவுதான், உள்ளங்கை இரண்டும் ஒட்டிக்கொண்டன. சோப்பு போட்டார்கள், விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். அங்குட்டு நாலு பேர் இங்குட்டு நாலு பேர் நின்று இழுத்ததில் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், எலும்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மீசை அரும்பிய வயதிலிருந்து கட்சி போஸ்டர் ஒட்டப் பசைவாளி தூக்கிய மனுசன் சின்னக்கருப்பு. கை போனதற்குக்கூட அழவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் இந்த வார்டை மீட்காவிட்டால் பதவி பறிபோகும் என்று தலைமையிலிருந்து தகவல் வந்தபோதுதான் குலுங்கிக் குலுங்கி அழுதார். கண்ணைத் துடைக்கவும் கை இல்லை, பாவம்.

வாக்காளர்களைத் திரும்பப் பிடிக்கத் தலைமை ஒரு வழியும் சொல்லியனுப்பியது: பெரிய கட்அவுட், பெரிய மைக், பெரிய கூட்டம். கூட்டத்துக்கு மைக் செட்டுக்காரரும் அவர் தம்பியும் வந்திருந்தார்கள். வாடகை வாங்க வேண்டியிருந்ததால் கடைசிவரை இருந்தார்கள்.

இதற்கிடையில் மூன்று வேளையும் ஊட்டி ஊட்டி அவர் பெண்சாதி அன்னக்கிளிக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள். "இந்தா பாருங்க, அஞ்சு வருசமா யாரைப் பார்த்துக் கும்பிட்டீகளோ, அவுக ஊட்டட்டும். எனக்கு வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டு நாட்டரசன்கோட்டையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பசி வந்தால் வட்டச் செயலாளராவது ஒன்றாவது! பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். கும்பிட்டபடி நிற்கிற ஆளைப் பட்டினியாக அனுப்ப அந்தத் தெருவில் யாருக்கும் மனசு வராது, எதிர்க்கட்சிக்காரனாக இருந்தாலும் சரி. காலையில் ஒரு வீட்டில் இட்லி, மத்தியானம் இன்னொரு வீட்டில் குழம்புச் சோறு என்று முறை வைத்து ஊட்டத் தொடங்கினார்கள். ஊட்டுகிறவர்கள் சும்மா ஊட்டுவார்களா? பேசினார்கள். ரேஷன் கடை மண்ணெண்ணெய், எரியாத தெருவிளக்கு, போன தேர்தலில் ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டே கோலத்தின் மேல் ஏற்றிவிட்டுப் போனது, எல்லாம் வந்தது. வாய் நிறையச் சோறு வைத்திருக்கிற மனுசன் பதில் பேச முடியுமா? சின்னக்கருப்பு மென்றார், கேட்டார், தலையாட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொல்வதை முழுசாகக் கேட்டார். சாயங்காலமானால் கும்பிட்ட கையோடு நகராட்சிக்குப் போய், கேட்டதையெல்லாம் ஒப்பித்துவிட்டு வந்தார். இரண்டு தெருவிளக்கு எரிந்தது.

விசயம் சென்னைக்கு எட்டியதும் தலைமைக்கு ஒரே குஷி. வட்டச் செயலாளர்கள் அத்தனை பேரும் கையை ஒட்டிக்கொண்டு வீடு வீடாகச் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. அத்தனை பேரும் கோந்து வாங்கினார்கள். அடுத்த வார்டுக்காரர் கையில் சுடச்சுட ரசம் சிந்தியதும் கோந்து இளகிக் கை படக்கென்று பிரிந்தது. ஊட்டிய பெண் கரண்டியோடு தெருமுனைவரை விரட்டினாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

ஐப்பசி அடைமழைக்குச் சற்று முன்னால் சகாயம்மாள் டீச்சர் வீட்டு முறை வந்தது. "நீங்க போட்ட தார் ரோடு எங்க வாசலை விட ஒரு முழம் ஒசரம். மழை பெஞ்சா தண்ணி பூராம் நடு வீட்டுலதான் நிக்கிது" என்று டீச்சர் சொன்னபோது சின்னக்கருப்புக்குப் பொசுக்கென்றாகிவிட்டது. அந்த ரோட்டைச் சொல்லித்தானே ஓட்டே கேட்டார்! வாயில் இருந்த சாம்பார் சோற்றை மென்று விழுங்கினார். அதே நேரம் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் விறுவிறுவென்று வாசல்படி தாண்டி வந்து அரிசி மூட்டையைத் தொடப் போனது. சின்னக்கருப்பு பாய்ந்தார். மூட்டையைத் தூக்கிக் கட்டிலில் போட்டார், குண்டாவை எடுத்துத் தண்ணீரை இறைத்தார். பாதி வீட்டை இறைத்த பிறகுதான், இறைப்பது தன் கைகள் என்பதே அவருக்கு உறைத்தது. "டீச்சர்... கை!" என்றார். "பார்த்தேன், பார்த்தேன். அந்த மூலையிலயும் தண்ணி நிக்கிது பாருங்க" என்றார் டீச்சர். மறுநாள் சின்னக்கருப்பே மண்வெட்டி எடுத்து ரோட்டோரம் வாய்க்கால் வெட்டினார்.

வார்டு கட்சிக்குத் திரும்பியது, பதவியும் தங்கியது. வெற்றி மாலையோடு வீடு வீடாகப் போன சின்னக்கருப்பு, டீச்சர் வாசலில் பழக்கதோசத்தில் கையைக் குவிக்கப் போனார்.

"ஐயய்யோ, கும்பிடாதீக!" என்று பதறினார் டீச்சர். "மறுபடி ஒட்டிக்கிட்டா என்னத்துக்கு ஆகும்? உள்ள வந்து உக்காருங்க. அன்னைக்கு மழை வந்துருச்சு, நான் இன்னும் சொல்லி முடிக்கலை."

சின்னக்கருப்பு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வாயைத் திறந்தார். டீச்சர் ஒரு கவளத்தை உருட்டி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.