பெரிய சார் மூக்கில் ஒரு மரு

ஊரடங்கி வெகுநேரமாகியும் சின்னவளுக்கு இமையோடு இமை ஒட்டவில்லை. கடைசியில் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அம்மா, பெரிய சார் மூக்குல மரு இல்லம்மா.”

“இருக்குன்னு யாருடி சொன்னா? தூங்கு.”

“நான் போட்டுட்டேன்.”

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். போட்டோவைப் பார்த்துச் செப்புத் தகட்டில் ஊசியால் முகத்தைக் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுப்பது அவள் தொழில். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதால், ஓய்வுபெறும் தலைமையாசிரியரான பெரிய சாரின் முகத்தை முதன்முறையாக மகளிடம் விட்டிருந்தாள். கெடுத்தால் இனி ஊசியைத் தொடக்கூடாது என்பது பேச்சு.

போட்டோவில் மூக்கு நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. நிழலா, மருவா என்று மண்டையைக் குடைந்து, மருதான் என்று முடிவுகட்டி, பதினொரு கீறலில் அதைத் திரட்சியாக நிறுத்தியிருந்தாள் சின்னவள். அச்செடுத்த நாற்பது படங்களும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் போட்டோவைத் துடைத்தாள். புள்ளி துணியோடு வந்துவிட்டது. ஈ போட்ட எச்சம்.

“காலையில நீயே போய்ச் சொல்லிடு. ஊசியைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

விடிந்ததும் விடியாததுமாகச் சாரே மனைவியோடு வந்து நின்றார், கையில் படம்.

“அறுபது வருஷமா கண்ணாடி என்னை ஏமாத்தியிருக்கு,” என்றார் சார், குரல் தழுதழுக்க. மனைவி பக்கம் திரும்பினார். “நீகூடச் சொல்லலியே!”

“கல்யாணத்தன்னைக்கே பாத்துட்டேன். மனசு நோவுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

“சார், அது ஈ எச்சம் சார். தப்பு என்னோடது.”

“உண்மையைச் சொல்லிட்டுப் பின்வாங்கக் கூடாது, பாப்பா. எடுத்துடு அதை.”

“மூக்குல ஒண்ணுமே இல்லையே சார்!”

“இதோ இருக்கே!” மேசைமேல் கிடந்த தகட்டைத் தட்டினார்.

அம்மா கண்ணைக் காட்டினாள். சின்னவள் சுரண்டுகத்தியைத் தகட்டில் வைத்ததுதான் தாமதம்.

“ஐயோ, மெல்ல!” சார் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் துள்ளினார்.

மனைவி அவர் தலையை இறுக்கிப் பிடித்தார். “பல்லைக் கடிச்சுக்குங்க, ஆச்சு.”

சுரண்டிய இடத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கிப் புதிதாக ஓர் அச்செடுத்துக் கொடுத்தாள். சார் பார்த்தார். பெருமூச்சு விட்டார். மூக்கில் பஞ்சை ஒட்டிக்கொண்டார்.

“தண்ணி படலாமா?”

“மூணு நாள் வேணாம் சார்,” என்றாள் அம்மா, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

சார் படியிறங்கிப் போனார். மனைவி மட்டும் பின்தங்கினார்.

“ஏம்மா, என்னை முழு உருவமா போடுவியா? முட்டிவலி உயிர் போவுது.”

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஊசியை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

“முட்டியைப் பாத்துப் போடுடி.”