சி டிரைவில் இருந்த குரல்

லோகப்பிரியா வரைந்துகொண்டிருந்த படத்தைச் சேமிக்க முடியாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. சி டிரைவ் நிரம்பிவிட்டதாம். கொஞ்ச நாளாகவே இந்தத் தொல்லைதான். பழைய படங்கள், பாட்டுகள், முடிந்துபோன வேலைகள் என்று அழித்து அழித்து இடம் பண்ணுவாள். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் சிவப்புக் கோடு வந்து நிற்கும். இனி அழிக்க அவளுடையது என்று எதுவும் இல்லை. அப்படியானால் எது இடத்தைத் தின்கிறது?

அன்னூரில் அவர்கள் வீடு. அப்பா மோகன்குமாரும் அண்ணன் மிதுனும் விசைத்தறிக் கூடம் நடத்தினார்கள். லோகப்பிரியா சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வீடுகளின் உள் அலங்காரத்தை வரைந்து தருபவள். நவநீதன் பழக்கமானது அங்கேதான். அவன் வேறு சாதி. பேக்கரியில் இருவரையும் சேர்ந்து பார்த்த யாரோ வீட்டில் சொல்லிவிட, பெரிய ரகளையாகிப்போனது. அவளுடைய செல்போன் அம்மா கைக்குப் போனது. வேலையையே விட்டுவிடச் சொன்ன அப்பாவிடம், "ஊட்ல இருந்தே பாக்கட்டுங்கப்பா" என்று பேசியது மிதுன்தான். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவந்து, எல்லாவற்றையும் அவனே போட்டுக் கொடுத்தான். அண்ணனாவது மனம் இறங்கினானே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான், கதவைச் சாத்திக்கொண்டு, அவள் நவநீதனோடு பேசிவந்தாள்.

டிரைவில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று படமாகக் காட்டும் சிறு மென்பொருள் ஒன்றை இறக்கி ஓடவிட்டாள். அவள் வேலைகளெல்லாம் ஓரத்தில் பொடிக் கட்டங்களாக நின்றன. திரையில் பாதியை ஒரே ஒரு கட்டம் அடைத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். விண்டோஸின் உள்ளே எங்கோ மறைத்து வைத்த ஃபோல்டர். வாயில் நுழையாத ஒரு பெயர். திறந்தால் தேதி வாரியாக வீடியோக்கள்.

வைரஸாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒன்றை ஓடவிட்டாள். அவள் முகம் வந்தது. நாற்காலியில் சாய்ந்து தலையைச் சொறிந்துகொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் அழுதுகொண்டிருந்தாள்.

போன மாதத்து வீடியோ ஒன்றைத் தேடித் திறந்தாள். ஹெட்போனில் அவள் குரலே அவளுக்குக் கேட்டது. "நாளைக்குக் காலைல கோவில்பாளையம் பஸ் ஸ்டாப்ல நில்லு. ஜாக்கெட் தைக்கக் குடுக்கறேன்னு சொல்லிப்போட்டு வந்தர்றேன். அங்கிருந்து நேரா ரிஜிஸ்டர் ஆபீஸ் போயரலாம்."

மறுநாள் அவளால் போக முடியவில்லை. கிளம்புகிற நேரத்தில் அம்மா நெஞ்சு வலிக்கிறது என்று படுத்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் பைக்கோடு காத்துக்கொண்டிருந்த நவநீதனை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவனது வலது கால் எலும்பு நொறுங்கிவிட்டது. விபத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அந்த ஃபோல்டரிலேயே வீடியோக்கள் எந்த மெயிலுக்குப் போகின்றன என்ற விவரமும் கிடந்தது. மிதுனுடைய மெயில்.

"அம்மணி, சோறு போட்டாச்சு, வா" என்றபடி அம்மா சாந்தாமணி அறைக்குள் வந்தாள்.

லோகப்பிரியா திரும்பாமலே கேட்டாள். "அம்மா, அன்னைக்கு உனக்கு நெசமாலுமே நெஞ்சு வலிச்சுதா?"

அம்மா திரையைப் பார்த்தாள். அதில் மகளின் முகம் அசையாமல் நின்றது. என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"சோறு ஆறுது கண்ணு."

"அண்ணன் காருதானே அது? சொல்லும்மா."

சாந்தாமணி கட்டிலில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அவன் உசுரோட இருக்கான்ல? அதோட உட்டுப்போட்டாங்கன்னு நெனச்சுக்க. நானும் படுக்காம உன்னயப் போக உட்டிருந்தா, ரெண்டு பேரையுமே..."

லோகப்பிரியாவின் கண் திரையில் கடைசி வரிக்குப் போனது. இன்றைய தேதியிட்ட வீடியோ. அதன் அளவு ஏறிக்கொண்டே இருந்தது. இந்தப் பேச்சும் மிதுனுக்குப் போய்விடும்.

போன மாதத்து அந்த வீடியோவையும் மெயில் விவரத்தையும் பென்டிரைவில் ஏற்றினாள். அதற்குள் அம்மா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் வந்துரட்டும். எதுன்னாலும் பேசிக்கலாம் சாமி. வெளிய போவாத."

கையை உதறிக்கொண்டு வெளியேறினாள். முதலில் வந்த கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறி, மிதுனின் கார் பின்னால் வருகிறதா என்று ஜன்னல் வழியே பார்த்தபடி போனாள்.

ஆஸ்பத்திரியில் நவநீதன் காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பக்கத்திலிருந்த அவன் அம்மா கேட்டாள். "ஏனுங்க, இந்தக் கம்ப்யூட்டர் நெறஞ்சு போகலீன்னா எங்களுக்கு இது தெரிஞ்சே இருக்காதுங்களா?"

"தெரிஞ்சிருக்காதுங்க" என்றாள் லோகப்பிரியா.

அன்று சாயங்காலமே ஒரு பெண் வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தாள். மிதுனைக் கைது செய்தார்கள். சில வாரங்களில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். வழக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறது. சாந்தாமணி போலீஸிடம், தனக்கு அன்று நெஞ்சு வலித்தது உண்மைதான் என்று சொல்லிவிட்டாள். லோகப்பிரியா பெண்கள் விடுதியில் தங்கி, அங்கிருந்து வேலைக்குப் போகிறாள்.

நவநீதன் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியபின் ஒரு நாள் அவளே போன் செய்தாள். அவன் சொன்னான். "கேசுக்கு எங்க கூப்புட்டாலும் வாரேன் பிரியா. சாட்சி சொல்றேன். ஆனா போன் மட்டும் பண்ணாத. உன்ற கொரலக் கேட்டாலே அந்த பஸ் ஸ்டாப் வந்துருது. நான் என்ன பண்ணட்டும்?"

"உம் மேல தப்பில்ல" என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே போனை வைத்தாள். இப்போதெல்லாம் எழுதித்தான் அனுப்புகிறாள். சில நாள் பதில் வருகிறது.