இரண்டாவது கல்

பூபாலன் கடப்பாரையை மூன்றாவது இடத்தில் இறக்கினான். மண்தான் வந்தது. வெட்டிப் போட்ட வேலிக்காத்தான் முட்களைக் கவைக்கோலால் தள்ளிக்கொண்டிருந்த மார்கரெட், இரும்பு எல்லைக்கல்லில் மோதும் சத்தத்துக்காகக் கணவன் காதைச் சாய்த்து நிற்பதைப் பார்த்தாள். அந்தச் சத்தம் வராது. காலையில் அளக்க வந்தவர்கள் ஜீப்பிலிருந்து இறங்கிய நேரத்திலிருந்து அது அவளுக்குத் தெரியும்.

பக்கத்துப் பதினைந்து ஏக்கரை மனை போடுவதற்காக ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. அதற்கும் மார்கரெட்டின் பத்து சென்ட்டுக்கும் நடுவில்தான் வேலி வர வேண்டும். பத்து சென்ட் என்றால் பத்து மீட்டர் அகலம், நாற்பது மீட்டர் நீளம். அதில் ஓர் உறைகிணறு, எட்டுக் கீரைப் பாத்தி. விடிவதற்கு முன்பே கீரையை அரிந்து கட்டி, முதல் பஸ்ஸில் புதுப்பட்டினம் சந்தைக்குக் கொண்டுபோவாள். இருவரும் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் சாப்பிட்டார்கள். முள் வெட்டவும் டேப் பிடிக்கவும் கம்பெனி இன்றைக்குப் பூபாலனையே ஆளாக வைத்திருந்தது.

பனைமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த நரசிம்மன், மடியில் நில அளவுகள் குறித்த புலப்படத்தை விரித்து வைத்திருந்தார். சர்க்கார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்த படத்தை செலோடேப் ஒட்டி வைத்திருந்தார்.

“ஏரிக்கரைக் கல்லு கெடைச்சாச்சு. இன்னொண்ணு கெடைச்சாதான் இந்தப் படத்த வெச்சு அளக்க முடியும்.”

“ரோட்டோரம் ரெண்டு கல்லு இருந்துது சார்,” என்றான் பூபாலன். “அது மேலதான் உங்காளுங்க கிராவல் கொட்டி ரோடு போட்டுகீறாங்க.”

“ரோட்டத் தோண்ட முடியுமாப்பா? கெணத்தாண்ட ஒண்ணு இருக்கணும். தேடு.”

கிணற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த கம்பெனி இன்ஜினியர் ஹர்ஷவர்தன், கையிலிருந்த கருவியை வெயில் படாமல் மறைத்துப் பார்த்தான். பொத்தேரி காலேஜில் படித்து முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உள்ளங்கையளவு கருவி. வானத்திலிருக்கும் சாட்டிலைட்டைப் பிடித்து இடத்தைச் சொல்லும் என்று காலையில் பூபாலனுக்கு விளக்கியிருந்தான்.

“அண்ணா, இங்க ஒரு முளை அடிங்க.”

பூபாலன் அவன் காலடியைப் பார்த்தான். கிணற்றைத் தாண்டி, கீரைப் பாத்திக்குள் நின்றிருந்தான்.

“இன்னா தம்பி, காலைல முருங்க மரத்தாண்ட அடிக்கச் சொன்ன. இப்ப கெணத்துக்கு இந்தாண்ட வந்துட்ட. சாப்ட்டு வந்தா எங்க வூட்டுக்குள்ள காட்டுமா?”

ஹர்ஷவர்தன் சிரித்தான். “நாலஞ்சு மீட்டர் முன்ன பின்ன வரும்ணா. இந்த மெஷின் அப்படித்தான்.”

“உனுக்கு முன்ன பின்ன. எங்களுக்குக் கெணறு.”

மார்கரெட் கவைக்கோலைக் கீழே வைத்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஏரி உடைத்துக்கொண்ட மழையில், கிணற்றடியில் இருந்த அந்தக் கல் சாய்ந்து சேற்றில் கிடந்தது. பூபாலன் அப்போது நெல்லூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அதற்கு முந்தின வாரம்தான் ஊர்த்தெருக்காரர் பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளின் வாளியை ஒருவன் காலால் எத்திவிட்டுப் போனான். ஒரு வார்த்தை பேசவில்லை அவன். திட்டியிருந்தால் மறந்திருப்பாள். கல்லைப் பார்த்ததும் தனக்கென்று ஒரு துவைகல் என்றுதான் தோன்றியது. சாக்கில் கட்டி இழுத்து வந்து, வீட்டில் குளிக்குமிடத்தில் எழுத்திருந்த பக்கத்தை அடியில் போட்டுப் பதித்தாள். கல் இருந்த பள்ளம் மெத்தென்று இருந்ததால் அதில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டாள்.

சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காலையிலிருந்து முள்ளோடு முள்ளாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காவிட்டால் கிணறு அந்தப் பக்கம் போய்விடும். அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

“கல்லு எங்க வூட்லதான் கீது சார்.”

பூபாலன் கடப்பாரையோடு திரும்பினான். நடந்ததை அவள் சொல்லி முடித்தாள்.

“அன்னிக்கு ஏரியாண்டேந்து கொண்டாந்தேன்னு சொன்ன?” என்றான் பூபாலன். “பதினோரு வருசமா சர்க்கார் கல்லு மேல நின்னா குளிச்சிகினு கீறேன்? காலைலேந்து என்னைத் தோண்ட வுட்டு வேடிக்க பாத்தியாடி?”

“பயமா இருந்துச்சு.”

நரசிம்மன் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். “அந்தப் பள்ளத்துல நட்டதுதான் இந்த முருங்கையா? நல்லாத் தெரியுமாம்மா?”

“தெரியும் சார்.”

வீட்டுக்குப் போய், பூபாலனைக் கொண்டு கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். அடியில் அம்புக்குறி இருந்தது. படத்தில் இருந்த அதே எண்ணும் இருந்தது. திரும்பி வந்து ஏரிக்கரைக் கல்லிலிருந்து எல்லையோரம் போன வாய்க்கால் நேருக்கு டேப் பிடித்தார்கள். ஒரு முனையை மார்கரெட்டே பிடித்தாள். படத்தில் நாற்பத்திரண்டு மீட்டர் அறுபது. டேப் முருங்கையின் நடுத்தண்டில் நாற்பத்திரண்டு அறுபத்தைந்து காட்டியது.

“அஞ்சு சென்டிமீட்டர்,” என்றார் நரசிம்மன். குரலில் சின்னச் சந்தோஷம் இருந்தது. “மரம் பருத்ததுல அது சரியாப் போச்சு. தம்பி, கெணறு அவங்களுதுதான். மேனேஜர்கிட்ட சொல்லிடு.”

மார்கரெட்டுக்கு அழுகை வரும்போல இருந்தது. முருங்கைத் தண்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஹர்ஷவர்தன் தள்ளிப் போய்ப் போனில் பேசினான். முதலில் அவன்தான் பேசினான். பிறகு ‘சரி சார்’ மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“மரத்தைக் கல்லுன்னு எடுத்துக்க முடியாதாம். கல்லைப் புடுங்குனது இவங்கதானே, மரத்தை எங்க வேணும்னாலும் நட்டிருக்கலாமேங்கறாரு. கல்லு இல்லாததால மெஷின்ல வந்தபடி கோடு போடச் சொல்லிட்டாரு. மத்தியானம் வந்ததை.”

“காலைல வந்தது?” என்றான் பூபாலன்.

“கடைசியா எடுத்ததுதாண்ணா கணக்கு.”

“அவங்களும்தானே ரெண்டு கல்ல ரோட்டுக்கடியில பொதைச்சிட்டாங்க?” என்றாள் மார்கரெட்.

ஹர்ஷவர்தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, போனில் மேனேஜர் சொன்னதை எழுதினான். ‘எல்லைக்கல்லை நானே அகற்றினேன். கம்பெனி காட்டிய எல்லையில் எனக்கு ஆட்சேபணை இல்லை.’

“கையெழுத்துப் போடலன்னா கல்லைத் திருடினதா கேஸ் குடுப்பாராம்,” என்றான், தரையைப் பார்த்து.

மார்கரெட் நரசிம்மனைத் திரும்பிப் பார்த்தாள்.

“செங்கல்பட்டு தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்கலாம்மா. சர்க்கார் ஆளு வந்து அளக்கும். ஆனா கேஸுன்னு ஒண்ணு வந்தா… நானே இவங்ககிட்ட கான்ட்ராக்ட்ல இருக்கேன்.” படத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். செலோடேப் ஓர் இடத்தில் விட்டுக்கொண்டது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார்.

பூபாலன் கடப்பாரையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கேஸ் என்ற சொல்லுக்குப் பிறகு அவன் நிமிரவே இல்லை. மார்கரெட் தாளை வாங்கித் தன் பெயரை எழுதினாள். அவ்வளவு நேரம் எடுத்து அந்தப் பெயரை அவள் எழுதியதே இல்லை.

நான்காம் நாள் சிமென்ட் தூண்கள் வந்தன. முருங்கையை வெட்டி அந்தக் குழியிலேயே ஒரு தூண் நட்டார்கள். அது முள்கம்பிச் சுருளை மாட்டி வைக்கத்தானாம். வேலி இரண்டாவது முளை வழியாகப் போனது. கிணறும் நான்கு பாத்திகளும் அந்தப் பக்கம் இருந்தன. மீதிப் பாத்திகளில் கீரை மூன்றே நாளில் தலை சாய்ந்தது. தெருக்குழாயில் ஆளுக்கு நான்கு குடம். பாத்திக்கு ஊற்றினால் சமைக்க இருக்காது.

வேலை முடிந்த சாயங்காலம் ஹர்ஷவர்தன் வாசலில் வந்து நின்றான். ஷூ முழுக்கச் சேறு.

“அக்கா, காலு கழுவணும். ஜீப்புல இப்படியே ஏற முடியாது.”

அவள் குளிக்குமிடத்தைக் காட்டினாள். அன்றைக்குப் புரட்டிப் போட்ட கல் அப்படியே எழுத்து மேலே தெரியக் கிடந்தது. அவன் அதன் மேல் ஏறி நின்றான். கடைசியாகப் பிடித்து வந்திருந்த குடத்தைத் தூக்கி, அவள் தண்ணீர் ஊற்றினாள்.

“இன்னும் கொஞ்சம்கா,” என்று மற்ற காலை நீட்டினான். கிணற்றடிச் சேறு கரைந்து, அம்புக்குறியின் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு வழிந்தது.