எந்தப் பரவாயில்லை?

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. கணினி விளையாட்டு தயாரிக்கும் நண்பர் ஒருவர், தங்கள் விளையாட்டை ஆடிப் பார்த்தவன் புலம்பியதைச் சொன்னார்: "நல்லாத்தான் போயிட்டிருந்துது. திடீர்னு சமையல்காரி சொல்லாம கொள்ளாம போயிட்டா." இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

(முதல் வரி இப்படி இருந்தது: 'பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு...' வேண்டாம். பனி விளையாட்டுக்குள் மட்டும் கொட்டட்டும்.)

2

அந்த விளையாட்டில், பனிக்காட்டு நடுவே ஒரு சின்னக் குடியிருப்பு. மரம் வெட்டுகிறவன், வைத்தியர், சமையல்காரி என்று சில பேர். யாருக்கு என்ன வேலை என்பதை ஆடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்குள்ளும் மன அழுத்தம் என்று ஓர் எண் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி இறங்கும். எல்லை தாண்டினால் அந்த ஆள் பனிக்குள் நடந்து போய்விடுவார். திரும்ப மாட்டார்.

அந்த எண்களைக் கூட்டிக் குறைப்பவன்தான் நம் ஆள். அலுவலகத்தில் எண்காரன் என்று பட்டப்பெயர். யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வசனமும் அவன் எழுதியதுதான். அழுத்தமே இல்லாதபோது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சமையல்காரி "பரவாயில்லை" என்பாள். நன்றாகவே இருக்கிறேன் என்று பொருள். எல்லையைத் தொடும்போதும் "பரவாயில்லை" என்பாள். போகட்டும், நானே சமாளித்துக்கொள்கிறேன் என்று பொருள். இரண்டும் ஒரே சொல் என்பது எழுதும்போது அவனுக்கு உறைக்கவே இல்லை. அவன் காதில் அவை வேறு வேறாகக் கேட்டிருக்கின்றன.

3

"அந்த வசனத்த மாத்திடுங்க," என்றாள் குழுத்தலைவி, அந்தப் புகாரைக் கேட்டதும்.

"என்னால முடியல" என்று மாற்றினான். ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் உடனே சமையல்காரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவள் பனிக்குள் போகவே இல்லை. ஆட்டம் உப்புச் சப்பில்லாமல் போனது.

"அவளே வாயத் திறந்து சொல்லிட்டா ஆடுறவனுக்கு என்ன கஷ்டம் இருக்கு? பழையபடியே வச்சிடுங்க."

"பாவங்க அவ."

"அவ ஒரு நம்பருங்க."

பழையபடியே வைத்துவிட்டான்.

4

(இங்கே எண்காரனுக்கு ஒரு வீடு தேவைப்படுகிறது. முதல் வரைவில் மனைவி இருந்தாள். எடுத்துவிட்டேன். மனைவி என்றால் சண்டையாவது போட்டிருப்பாள்.)

அக்கா. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பா. "கொஞ்ச நாள் பாத்துக்கோக்கா, இந்த வேலை முடியட்டும்" என்று இவன் கேட்டதற்காகத் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்தவள் அக்கா. கடைச் சாவி இன்னும் சமையலறை ஆணியில் தொங்குகிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தான்.

"அக்கா, இன்னிக்கும் லேட்டாகும்க்கா. அப்பாவ நீயே குளிப்பாட்டிடறியா?"

"பரவாயில்லடா."

வழக்கமாக அதோடு வைத்துவிடுவான். இன்று கை அப்படியே நின்றது. "அக்கா, எந்தப் பர..." என்று கேட்பதற்குள் அவள் வைத்துவிட்டாள். இல்லவே இல்லாத ஒரு சமையல்காரியின் எல்லை அவனுக்குத் தெரியும்; கூடப் பிறந்தவளின் எல்லை தெரியாது. திரும்ப அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஓடிப்போய்ப் பார்க்கிறான். ஆணியில் சாவி இல்லை. உள்ளே அப்பா மட்டும் யாரையோ கூப்பிட்டு... (அடித்துவிட்டேன். எழுதவே மனம் வரவில்லை.)

ஓடிப்போய்ப் பார்க்கிறான். அக்கா அப்பாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள். கையெல்லாம் ஈரம், அதனால்தான் போனை எடுக்கவில்லை. (உப்புச் சப்பில்லை.)

இதை எழுதியதும் எனக்கே திக்கென்றது. குழுத்தலைவி சொன்னதையே நானும் சொல்கிறேன். கதை சுவைக்க வேண்டும் என்பதற்காக, வரைவுக்கு வரைவு ஒருத்தியை அந்த வீட்டிலேயே நிறுத்தி வைத்து...

வெட்கமாக இருந்தது. அந்த அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"முடிவு சரியா வரலக்கா. மறுபடி முதல்லேருந்து எழுதணும். அந்தப் போன நீங்க இன்னொரு தடவ எடுக்க வேண்டியிருக்கும். சிரமமா இருக்குமா?"

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"பரவாயில்லீங்க."

ஆணியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நீங்கள் பாருங்கள்.