செர்ரி ஜாம் மசோதா

எல்டன் ஹார்க்கர் வெகுகாலம் வேலித் தகராறும் உயிலும் பார்த்த வக்கீல். எங்கே யார் சிரித்தாலும், தன்னைப் பார்த்துத்தானோ என்று சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்ப்பார். அவரை மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பியவர்கள் மார்லோ ஊர்ச் சர்ச் பெண்கள். வீட்டில் காய்ச்சிய செர்ரி ஜாமைச் சர்ச் சந்தையில் விற்கக்கூட லைசென்ஸ் வேண்டும் என்று சுகாதார அதிகாரி சொல்லிவிட்டார். அதை மாற்றுவதுதான் எல்டனுக்கு அவர்கள் கொடுத்த ஒரே வேலை.

அதற்கான மசோதா ஓட்டுக்கு வந்த அன்று, பக்கத்து இருக்கை ராஸ்கோ பிட்மன், பலமுறை ஜெயித்த கிழவர், காதருகே குனிந்தார். "வக்கீலே, புது ஆளோட முதல் மசோதாவுக்கு இங்க ஒரு வழக்கம் உண்டு..." எல்டன் கையைக் காட்டித் தடுத்தார். எதிர்க்கட்சிக்காரரோடு தனியாகப் பேசுவது அவருடைய தொழில் தர்மத்தில் இல்லை.

மணி அடித்தது. யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று காட்டும் சுவர்ப் பலகையில், மற்ற எல்லாப் பெயருக்கும் நேராக எதிர்ப்பைச் சொல்லும் சிவப்பு விளக்கு. புது ஆளைக் கொஞ்ச நேரம் தவிக்கவிட்டு, பிறகு சிரித்தபடி எல்லாரும் பச்சைக்கு மாற்றுவார்கள். அதுதான் அந்த வழக்கம். எல்டனுக்கோ அது தெரியாது. வாழ்நாள் முழுக்கப் பயந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானே என்று தோன்றியது. பயந்தது நடந்தே விட்டதால் விசித்திரமான தைரியமும் வந்தது. பலகைக்கு முதுகைக் காட்டி எழுந்தார்.

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டினார். முதுகுக்குப் பின்னால் பச்சைக்கு மாறியிருந்த விளக்குகள், பெயர் வர வர, மறுபடி சிவந்தன. பார்வையாளர் மேல்மாடத்திலிருந்து மனைவி வெர்னா, உட்காரச் சொல்லி இரண்டு கைகளையும் ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துக் குரலை உயர்த்தினார். திட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்தது. இரண்டு பக்கமும் சரிசமம். சமமானால் மசோதா தோற்றதாகத்தான் கணக்கு.

காரில் ஊர் திரும்பும்போது வெர்னா கேட்டாள்.

"எல்டன், உன் பேருக்கு நேரா மட்டும் விளக்கே எரியலையே. ஏன்?"

"என் கேஸுக்கு நானே எப்படித் தீர்ப்புச் சொல்றது?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தார், சிரித்துக்கொண்டிருந்தாள். பொத்தானுக்குப் போன அவர் கை பாதியில் நின்றது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. வண்டியை ஓரம்கட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த தேர்தலில் சர்ச் பெண்கள் வெர்னாவை நிறுத்தினார்கள். எல்டன் அவளுக்குச் சொன்ன சட்ட ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்.

"உனக்கு நீயே ஓட்டுப் போட்டுக்கோ, வெர்னா."